வீடியோ ராணியும் வேன் நிறுத்தமும்

என் மனைவி செல்வராணி, சுடுகாட்டுக்குக் கிளம்பிய பெட்டியையே வீட்டுக்குள் திருப்பி அனுப்பியவள். ஜொகூரின் தெப்ராவில், எங்கள் குடியிருப்பான தாமானில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாலு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்கள். வீடியோ எடுத்துக்கொண்டிருந்த இவள் கேமராவைக் கீழே இறக்கினாள். "அண்ணே, முன்னால நிக்கிறவரு மூஞ்சி இருட்டா விழுது. உள்ள போயிட்டு இன்னொரு தடவை வாங்க" என்றாள். அவர்களும் உள்ளே போய்த் திரும்ப வந்தார்கள். செத்தவரின் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இப்ப ஓகேவா அக்கா?" என்று கேட்டான்.

இழவு வீட்டிலேயே இப்படி என்றால் கல்யாண வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தாலியைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளைகள் இவள் தலையாட்டும்வரை காத்திருப்பார்கள். ஐயர் அவசரப்படுவார். கெட்டிமேளக்காரர் பல்லைக் கடிப்பார். இவளோ, "மாமா, கொஞ்சம் நகருங்க. அத்தை, அழறதா இருந்தா இந்தப் பக்கம் திரும்பி அழுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பெற்ற தாய் தகப்பன் பேச்சைக் கேட்காத பிள்ளைகள்கூட வீடியோ அக்கா பேச்சைக் கேட்கும். ஏன் கேட்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நானும் கேட்கிறேன், அதுவும் புரியவில்லை.

என் பெயர் சுகுமாறன். திங்கள் முதல் சனி வரை விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அதாவது, லைட்டு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மனைவிக்குப் பின்னால் நிற்கும் நாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் தங்காக்கில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு இருவரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள்தான் ஓட்டினாள். என்னை ஓட்டவிட மாட்டாள், நான் பிரேக் போடுவது கேமராவுக்கு ஆகாதாம். எங்கள் தாமானுக்குத் திரும்பும் சிக்னலில் சிவப்பு விழுந்தது, நின்றோம். பச்சை விழுந்தது. அவள் கிளம்பவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் அவள் கை ஸ்டியரிங்கில் வெட்டி வெட்டி இழுக்கிறது, கண் எங்கேயோ போயிருக்கிறது. நான் கையால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். அன்றைக்குப் பயந்ததுபோல் என் வாழ்க்கையில் நான் பயந்ததில்லை.

வலிப்பு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். தான் சொல்லும்வரை காரைத் தொடக் கூடாது என்றார்.

"கேமரா தொடலாமா டாக்டர்?" என்றாள் இவள்.

"தொடலாம்."

"அப்ப சரி" என்று எழுந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் முகம் மாறியது. "இங்க பாருங்க, யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. வலிப்பு வர்றவள மணவறையில நிக்கவிட்டா எந்த மாமியா சும்மா இருப்பா? நல்ல காரியத்துல இப்படின்னு பேசிப் பேசியே என் பொழப்ப முடிச்சிருவாங்க." அது உண்மைதான் என்பதால் நானும் சரி என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் கார் போர்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டு முன்னால் தூங்கியது. நான் ஓட்டினால் ஏன் என்று கேள்வி வரும் என்பதால், கேட்டவர்களிடம் கியர்பாக்ஸ் போய்விட்டது என்றாள். சாமான் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும் என்று ஒருத்தரிடமும், ஜப்பானிலிருந்து என்று இன்னொருத்தரிடமும் சொன்னாள். ஃபோனில் கூப்பிட்ட வாடகைக் கார்கள் லைட்டு ஸ்டாண்டைப் பார்த்ததும் ஓடின. ஜொகூரில் காரில்லாதவனுக்குக் கால் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மோட்டாரில் ஏற்றிப்போனேன், வாரநாளில் வந்த வேலைகளை ஒவ்வொன்றாக விட்டாள். விட்ட ஒவ்வொன்றுக்கும் எனக்குத்தான் திட்டு விழுந்தது.

அப்போதுதான் ஃபரீஹா வந்தாள். பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் நிக்காஹ்வை வீடியோ எடுத்தவள் செல்வராணிதான். எங்கள் தாமானில் மக்களையே கூட்டி உட்கார வைத்து, காரை விட்டால் எப்படிப் போவது வருவது என்று அவர்கள் கையாலேயே வடிவமைக்க ஒரு பட்டறை நடத்தப்போகிறார்களாம். முடிவில் ஒரு வேன் விடுவார்கள். தாமானில் கிளம்பி, கல்யாண மண்டபங்கள் இருக்கும் பெரிய சாலை வழியாக கிளினிக், பஸ் நிலையம் போய்த் திரும்பும். தாமானுக்குள் ஒரே ஒரு நிறுத்தம். அது எங்கே என்று மக்கள்தான் முடிவு செய்வார்கள். அதையெல்லாம் ஒன்றுவிடாமல் வீடியோ எடுக்க வேண்டும்.

"ஆன்ட்டி, ஒரே ஒரு விஷயம்" என்றாள் ஃபரீஹா. "நடக்கிறத நடக்கிற மாதிரியே எடுங்க. யாரையும் எதுவும் செய்யச் சொல்லாதீங்க. இது ரெக்கார்டு. மேலிடத்துல இதத்தான் பாப்பாங்க."

"நான் இருக்கிற எடமே தெரியாது பாரு" என்றாள் செல்வராணி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

பட்டறை ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமானின் பொது மண்டபமான டேவானில் நடந்தது. மேசைகளை ஒட்டிப் போட்டு, தாமானை மேலிருந்து பார்த்த மாதிரி பெரிய வரைபடத்தை விரித்திருந்தார்கள். நம் வீட்டுக் கூரையை நாமே மேலிருந்து பார்ப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. எல்லோரும் முதல் அரை மணி நேரம் அதைத்தான் செய்தார்கள். "இந்த நீலத் தகரம் யாருது? பெர்மிட் இருக்கா?" என்று ஒரு சண்டையும் வந்தது.

பிறகு ஆளுக்கொரு கம்பளி நூல் கொடுத்தார்கள். தினமும் எங்கெங்கே போகிறோமோ அங்கெல்லாம் ஊசி குத்தி நூலைச் சுற்ற வேண்டும். வீட்டிலிருந்து பசார், பசாரிலிருந்து பள்ளிக்கூடம், கோயில், கிளினிக். மத்தியானத்துக்குள் வரைபடம் பூனை விளையாடிய மாதிரி ஆகிவிட்டது. ஃபரீஹாவுக்கு ஒரே சந்தோஷம்.

"ஆன்ட்டி, நீங்களும் ஒரு நூல் கட்டுங்களேன்" என்றாள்.

"எனக்கு எதுக்கு? எங்கிட்டதான் காடி இருக்கே, சாமான் வந்தா ஓடிரும்" என்றாள் செல்வராணி. காரைப் பற்றிப் பேசும்போது இவள் என்னைப் பார்க்கமாட்டாள். அன்றும் பார்க்கவில்லை.

கடைசியில் நிறுத்தம் எங்கே என்ற கேள்வி வந்தது. அபூபக்கர் பாய் எழுந்தார். தாமான் முனையில் அவர் கடை. காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் நாசி கண்டார் சோறு, எந்நேரமும் தாமானின் மொத்த வம்பு. "என் கடை முன்னாடி வைங்க. நெழலு இருக்கு, லைட்டு இருக்கு, அவசரம்னா டாய்லெட் இருக்கு. வேனு லேட்டா வந்தா ஒரு தே தாரிக் குடிச்சுட்டு நிக்கலாம்."

"தே தாரிக் ஓசியா பாய்?" என்றார் கிருஷ்ணம்மா அக்கா. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காரர், கடைக்கு அடுத்த வீடு. கிளினிக்குக்கு அடிக்கடி போக வேண்டியவர். அவருடைய மூத்த ரெண்டு மகள்கள் கல்யாணத்தையும் செல்வராணிதான் எடுத்தாள்.

சிரிப்பும் சத்தமும் அடங்கியதும் எல்லோரும் கை தூக்கினார்கள். கிருஷ்ணம்மா அக்கா, நிறுத்தத்துக்கு அடையாளமாகக் களிமண்ணில் செருகிய சிவப்புத் துணிக் கிளிப்பை எடுத்து, பாய் கடை முனையில் வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பிரியாணிச் சட்டியை இறக்க வெளியே போனார். அன்றைய சாப்பாடு அவர் கடையிலிருந்துதான். கை கொடுக்க ஃபரீஹாவும் கூடப் போனாள்.

செல்வராணி கேமராவை இறக்கினாள்.

"அக்கா, ஒங்க கை மறச்சிருச்சு. இன்னொரு தடவை."

ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. இத்தனை கல்யாணங்களில் பழகிய பழக்கம். கிருஷ்ணம்மா அக்கா கிளிப்பை எடுத்தார், தலைமுடியைச் சரி செய்துகொண்டார். "எங்க நிக்கணும்?"

"அந்த முனையில இருட்டா இருக்குக்கா. இந்தப் பக்கம் வாங்க, ஜன்னல் வெளிச்சம் நல்லா விழுது. இங்க வைங்க. ஆங், மெதுவா. சிரிங்க."

அக்கா வைத்தார், சிரித்தார். மறுபடி கைதட்டல். அந்த நேரம் பிரியாணி வாசம் உள்ளே வந்தது. அதன்பின் வரைபடத்தைப் பார்க்க ஒரு நாதி இல்லை. உதவிக்கு வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் கிளிப் இருந்த இடத்தைப் படம் பிடித்து, அளந்து, நேரே மேலிடத்துக்கு அனுப்பி, எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிவிட்டார்கள்.

வரைபடத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடம் தாமானின் மறு கோடி, விளையாட்டுத் திடலுக்கு எதிரே. அங்கே கடைசி வீடு எங்களுடையது.

நான் மூலையில் ஸ்டாண்டில் நிற்கும் ரெண்டாவது கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார்கள் சண்டை எந்தப் பக்கம் ஆரம்பிக்கும் என்று தெரியாது என்பதற்காக அதை எப்போதும் ஓடவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "ராணி, அது நம்ம வீட்டு வாசல்தானே?"

"வெளிச்சம் அங்கதான் இருந்துச்சு" என்றாள்.

சில வாரம் கழித்து ஆட்கள் வந்து எங்கள் கேட்டுக்கு முன்னால் ரோட்டில் மஞ்சள் கோடு போட்டார்கள். ஒரு கம்பமும் நட்டார்கள். அன்று சாயங்காலமே அபூபக்கர் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அந்தக் கம்பத்தை முறைத்தார். அதற்கு வாயிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கும்.

"கை தட்டுனது என் கடைக்கு! கம்பம் இங்க நிக்குது! என்னா நாடகம் இது?"

பாய் கடையில் ஒரு விஷயம் பேசப்பட்டால் தாமான் முழுக்கப் பேசியதாக அர்த்தம். செல்வராணியை யாரும் சந்தேகப்படவில்லை, சாமான் வந்ததும் ஓடப்போகும் கார் அவளுக்குத்தான் இருக்கிறதே. சிலர் என்னைச் சந்தேகப்பட்டார்கள். வாசலில் கண்டவன் காரை நிறுத்துவது பிடிக்காமல் நான்தான் யாரையோ பிடித்து வேலையை முடித்துவிட்டேனாம். எனக்கு அவ்வளவு செல்வாக்கு இருந்தால் நான் ஏன் மோட்டாரில் பாலத்தில் மழையில் நனைகிறேன்? பெரும்பாலானவர்கள் ஃபரீஹாவைச் சொன்னார்கள். மக்களைக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு, ஆபீஸில் உட்கார்ந்து மாற்றிவிட்டாள் என்றார்கள். பேச்சு மேலிடம்வரை போனது. மக்கள் முடிவு என்பதே பொய்யானால் வேனே வேண்டாம் என்று அங்கிருந்து பதில் வந்ததாம்.

ஃபரீஹா வீட்டுக்கு ஓடி வந்தாள். "ஆன்ட்டி, நானும் பாய் கடைக்குத்தான் கை தட்டுனேன், பிள்ளைங்க அளந்து குடுத்தது எப்படி மாறுச்சுன்னு தெரியல. ஞாயித்துக்கெழமை எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். நீங்க எடுத்த வீடியோவப் போட்டுருவோம். அதுல என்ன இருக்கோ அதுதான் முடிவு. எனக்கு வேற சாட்சி இல்ல."

ஞாயிறு காலை செல்வராணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் பசியாறிக்கொண்டிருந்தேன். திரையில் ரெண்டு கைதட்டலும் இருந்தன. இவள் கையில் இருந்த கேமராவில் முதல் தடவை அக்காவின் முழங்கைதான் தெரிந்தது. ஸ்டாண்டு கேமராவில் எல்லாம் பளிச்சென்று இருந்தது, பாய் கடை முனை, சிவப்புக் கிளிப், எல்லாம்.

"எதப் போடட்டும்?" என்றாள்.

"ரெண்டாவதப் போடு. கம்பம் நட்டாச்சு. நீ வாசல்ல ஏறுவ, வாசல்ல எறங்குவ. யாருக்கும் ஒன்னும் தெரியாது. எனக்கும் ஞாயித்துக்கெழமை தூக்கம் கெடைக்கும்."

"கிருஷ்ணம்மாக்கா அந்தக் காலோட தாமான் பூரா நடந்து இங்க வரணும்."

"வரட்டுமே, உடம்புக்கு நல்லது" என்றேன். அவள் பார்த்த பார்வையில் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஃபரீஹா நிக்காஹ்ல அழுதப்ப ஃபோகஸ் போயிருச்சு. இன்னொரு தடவை அழும்மான்னேன். அழுதா பாவம். இப்ப நெஜமாவே அழப்போறா."

டேவானில் உட்கார இடம் இல்லை. விளக்கை அணைத்தார்கள். செல்வராணிக்கு வீடியோ என்றால் கல்யாண வீடியோதான், வேறு விதமாகச் செய்யத் தெரியாது. நாதஸ்வரம் ஒலிக்க, ரோஜா இதழ்கள் கொட்ட, தாமான் வரைபடம் சுழன்று வந்தது. பட்டறைக்கு வந்திருந்த போக்குவரத்து அதிகாரி ஒருவர் இதய வடிவத்துக்குள் வந்து மறைந்தார். அடுத்த இதயத்தில் அபூபக்கர் பாய் வந்ததும் கூட்டம் விசில் அடித்தது. பாய்க்குக் கோபமாக இருப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பிறகு நாதஸ்வரம் நின்றது. முதல் கைதட்டல் வந்தது. கிளிப் பாய் கடை முனையில். அது முடிந்ததும், வெட்டாமல், ஒட்டாமல், அடுத்தது வந்தது. "அக்கா, ஒங்க கை மறச்சிருச்சு. இன்னொரு தடவை." இவள் குரல்தான், டேவான் முழுக்கக் கேட்டது. "இங்க வைங்க. ஆங், மெதுவா. சிரிங்க."

விளக்கைப் போட்டார்கள். கிருஷ்ணம்மா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "ரெண்டாவது தடவை சும்மா நடிப்புன்னுல்ல நெனச்சேன்! கல்யாணத்துல மாதிரி!"

"தங்கச்சி" என்றார் பாய். குரலில் சூடு இல்லை, குழப்பம்தான் இருந்தது. "நீ ஏன் மாத்துன? ஒனக்குத்தான் காடி இருக்கே?"

செல்வராணி எழுந்து நின்றாள். எத்தனையோ மேடைகளில் ஏறியவள்தான், ஆனால் எப்போதும் கேமராவுக்குப் பின்னால். கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வெளிச்சம் அங்கதான் இருந்துச்சு பாய், அது பொய் இல்ல. ஆனா அது என் வீட்டு வாசல்னு தெரிஞ்சேதான் சொன்னேன். ஃபரீஹா ஒன்னும் பண்ணல." கையைக் கட்டிக்கொண்டாள். "கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் சரியில்ல. வலிப்பு வந்துச்சு. காடி தொடக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். மூட்டையத் தூக்கிக்கிட்டு ஒங்க கடை முன்னாடி நின்னா எல்லாரும் கேப்பீங்க. வாசல்லயே ஏறிட்டா யாருக்கும் தெரியாதுன்னு பாத்தேன். வேற ஒன்னும் இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, யாரும் எடுக்கவில்லை.

கிருஷ்ணம்மா அக்கா, "அலமாக், பாவம்லா அந்த கியர்பாக்ஸு. சும்மா கெடந்து கெட்ட பேரு வாங்கிருச்சு" என்றார். ஒருத்தர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். ஃபரீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதல் முடிவுதான் முடிவு. ரெண்டு தடவையும் அப்படியே ரெக்கார்டுல போகும்" என்றாள்.

கம்பம் பாய் கடைக்குப் போனது. வேனும் பிழைத்தது.

ஆனால் இவள் பயந்தது சும்மா இல்லை. அந்த வாரமே தங்காக்கிலிருந்து ஒரு பெண் வீட்டார் ஃபோன் செய்தார்கள். "வேற ஆளு பாத்துட்டோம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்கள். காரணம் சொல்லவில்லை. அடுத்து இன்னொன்றும் போனது. செல்வராணி லென்சைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், சுத்தமான லென்சை. ஃபோனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது. கேட்டிருந்தால் மிச்சமிருந்ததும் போயிருக்கும்.

கிருஷ்ணம்மா அக்கா காலைத் தாங்கிக்கொண்டு எங்கள் வீடுவரை நடந்து வந்தார். கடைசி மகள் லோஷினிக்குக் கல்யாணம், பெரிய சாலை மண்டபத்தில்.

"நீதான் எடுக்குற" என்றார்.

"மேடையில வந்துருச்சுன்னா அக்கா?"

"வந்தா படுக்க வைப்போம். எந்திரிச்சதும் தாலி கட்டுவோம். என் ரெண்டு மருமகனுங்களையும் தாலியும் கையுமா எவ்வளவு நேரம் நிக்க வச்ச? ஒனக்காக மூணாவது மருமகன் கொஞ்சம் நின்னா கொறஞ்சா போயிருவான்?"

செல்வராணி அன்றைக்குத்தான் அழுதாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே, நான் கலக்கிய பாலில்லாத தே ஓவில் சீனி பத்தவில்லை என்று என்னைத் திட்டினார்.

லோஷினியின் நிச்சயதார்த்தம், அதே மண்டபத்தில், வேன் ஓடத் தொடங்கிய முதல் நாளான சனிக்கிழமையிலேயே வந்தது. நான் லீவு போட்டேன். கேமராப் பை, லைட்டு ஸ்டாண்டு, மூன்று கால் ஸ்டாண்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இருவரும் பாய் கடை முன்னால் போய் நின்றோம். அவள் பயந்தபடியே கடையே பார்த்தது. ரொட்டி போடுகிறவன் மாவை வீசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஸ்டாண்டைப் பிடித்தபடி நின்றாள்.

வேன் வந்தது. கிருஷ்ணம்மா அக்கா பட்டுப்புடவையில் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். செல்வராணி யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று ஏறினாள்.

"தங்கச்சி!" என்று கத்தினார் அபூபக்கர் பாய். கல்லாவை விட்டு வெளியே வந்து, கைப்பேசியை ரெண்டு கையாலும் நெற்றிக்கு நேரே பிடித்திருந்தார். "மூஞ்சி இருட்டா விழுது. எறங்கி இன்னொரு தடவை ஏறு."

கடை முழுக்கச் சிரித்தது. நான் வேன் ஓட்டுநரைப் பார்த்தேன், அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். செல்வராணி ஒரு கணம் படியில் அப்படியே நின்றாள். பிறகு பையோடு இறங்கினாள். புடவையைச் சரி செய்தாள், முடியை ஒதுக்கினாள், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று வானத்தைப் பார்த்தாள். நாலடி பின்னால் போய், தலை நிமிர்ந்து நடந்து வந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி ஏறினாள்.

உள்ளே உட்கார்ந்ததும் ஜன்னலைத் திறந்து, "இப்ப ஓகேவா பாய்?" என்றாள்.

பாய் படத்தைப் பார்த்துவிட்டு, விரல் மறைத்துவிட்டது என்றார். இன்னொரு தடவை இறங்கி ஏறினாள். வேன் முதல் நாளே தாமதமாகத்தான் கிளம்பியது.